நடையே நாட்டியம்



ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், உடன் கொண்டுவந்தது என்ன? பாத்திரங்களையும் புத்தகங்களையும் எளிதில் எண்ணிவிடலாம். எண்ணிக்கைக்கு அடங்காத பொருளும் உண்டு. ஒரு நடையை உடன் கொண்டுசென்ற சங்கீத மேதை ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

போலந்து நாட்டில் 'பொலொனேஸ்' என்றொரு நாட்டியம் உண்டு. துள்ளலோ சுழற்சியோ அதற்கு முக்கியமன்று. ஆணும் பெண்ணும் இணை இணையாகக் கைகோத்து, நிமிர்ந்து, ஊர்வலம் போல் நடந்து வருவர். அதன் தாளம் மூன்றெண்ணிக்கை கொண்டது. முதல் எண்ணின் பிற்பாதி மட்டும் இரண்டாகப் பிளந்து ஒலிக்கும். கிராமத்துத் திருமணங்களில் பிறந்த இந்நடை, பிரபுக்களின் மாளிகை விருந்துகளைத் தொடங்கிவைக்கும் பெருமையை எய்தியது.

1795-இல் அண்டை அரசுகள் மூன்று போலந்தை முற்றிலும் பங்கிட்டுக்கொண்டன. நாடு மறைந்தது, நடை மறையவில்லை. 1810-இல் பிறந்த பிரெடெரிக் ஷோப்பான், 1817-இல், ஏழே வயதில் அச்சேறக் கண்ட முதற் படைப்பு ஒரு பொலொனேஸ்தான். 1830 நவம்பரில் அவர் வார்சா நகரை விட்டுப் புறப்பட்டார். அம்மாத இறுதியிலேயே அங்கே ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு அது ஒடுக்கப்பட்டது. ஷோப்பான் பாரிஸில் தங்கினார். பின்னர் அவர் தாய்மண்ணை மிதிக்கவேயில்லை.

1842-இல் அவர் இயற்றிய பொலொனேஸ் ஒன்று பியானோ வித்வான்களுக்குப் பெரும் சோதனை. அதன் நடுப்பகுதியில் இடக்கை, கீழிறங்கும் நான்கே சுரங்களை இரட்டை ஸ்தாயியில் விடாமல் விரைந்து வாசிக்க வேண்டும். மெல்ல எழும் அவ்வொலி படிப்படியாகப் பெருகுகையில் முன்கை சோர்ந்துவிடும். அதற்கு மேலே வலக்கையின் பண் தளராது செல்ல வேண்டும்.

இதை முதன்முதல் இசைத்தட்டில் கேட்டபோது நாம் வியந்தது அதன் வேகத்தையே. பிறகுதான் நம் பிழை புலப்பட்டது. ஒருவர் இதை விரைந்து வாசிக்கக் கேட்டு, அதன் கம்பீரம் அழிந்ததே என்று ஷோப்பான் வருந்தினாராம். அவரோடு பழகிய பியானோ வித்வான் சார்லஸ் ஹாலே இதைக் கூறியிருக்கிறார். இடக்கை எவ்வளவு ஓடினாலும், நடந்து வருபவர் ஓடலாகாது. விரல்களின் வித்தையைவிட இந்த நிதானமே அரியது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொற்கள் மாறலாம், வாக்கியத்தின் நடை குலைந்தால் பொருளின் மதிப்பும் போய்விடும். ஷோப்பான் ஆடுவோரின் கால்களை விட்டுவிட்டார். அவர்கள் நிமிர்ந்து வந்த நடையை மட்டும் பியானோவில் ஏற்றினார்.

1849-இல் அவர் பாரிஸில் மறைந்தார். உடல் அங்கே அடக்கமாயிற்று. இதயத்தைத் தமக்கை லுட்விகா வார்சாவுக்கு எடுத்துச் சென்றார். 1918-இல் போலந்து மீண்டும் சுதந்தர நாடாயிற்று. இன்றும் அங்கே பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள், தேர்வுக்குச் சுமார் நூறு நாள் முன்னர் நடத்தும் விருந்தை இந்நாட்டியத்துடன் தொடங்குகின்றனர். 2023-இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

வேற்றூரில் வளரும் நம் குழந்தைகள் நம்மைப் போலவே பேசாதிருக்கலாம். ஆயினும் அவர்கள் நம்மிடமிருந்து ஒரு நடையைப் பெற்றுக்கொள்கின்றனர். அது நிமிர்ந்த நடையாக இருக்கட்டும்.