துயிலும் குழந்தையின் திடீர் மரணம்



கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வழியில், நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்துள்ளது ஹுன்னஸ்கிரிய. மார்கழி, தை மாதங்களில் அங்கே மழையும் பனிமூட்டமும் குளிரும் ஒருங்கே சேர்ந்துவிடும். லயக்காம்பராவிலே தாய் தன் கைக்குழந்தைக்குக் குல்லாய் அணிவித்து, கம்பளியாற் போர்த்தித் துயிலச் செய்வாள். அன்பினாற் செய்வதுதான், எனினும் அளவு மீறினால் அதுவே ஆபத்தாகலாம்.

நலமாயிருந்த குழந்தை உறக்கத்திலே இறந்துவிடுதல் உண்டு. பிரேத பரிசோதனை செய்தும், துயின்ற இடத்தை ஆராய்ந்தும் காரணம் புலப்படாதபோது அதனைத் திடீர்ச் சிசு மரணம் என்பர் மருத்துவர். ஒரு வயதுக்குள், பெரும்பாலும் இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில் இது நிகழும். ஊரார் பேயடித்தது என்பர். அல்லது தாய் புரண்டு நெரித்துவிட்டாள் என்பர். பிள்ளையை இழந்தவள் தலையிற் பழியையும் ஏற்றுவது கொடுமையன்றோ?

காரணம் முழுதும் விளங்காவிடினும், ஆபத்தை மிகுவிப்பவை எவை எனத் தெரியும். முதலாவது, குப்புறக் கிடத்துதல். குழந்தைகளை மல்லாத்தித் துயிலவிடுமாறு 1991இல் பிரித்தானியாவிற் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளுள் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மல்லாந்து கிடந்தாற் கக்கிய பால் புரையேறுமே என்று பாட்டிமார் அஞ்சுவர். இயல்பான அச்சந்தான். ஆனால் அந்நிலையில் மூச்சுக்குழல் மேலும், உணவுக்குழல் கீழும் அமைகின்றன. பால் மேலேறி மூச்சுக்குழலுட் புகுதல் அரிது. குப்புறக் கிடக்கையிலோ அவ்வொழுங்கு தலைகீழாகிறது.

அடுத்தது புகையிலை. கருவுற்ற காலத்திலும் பிறந்த பின்னரும் குழந்தையை அது தாக்கும். தகப்பனார் பீடியைக் காம்பராவுக்கு வெளியே புகைத்தாற் போதாது, விட்டுவிடுவதே நன்று. குறைமாதத்திற் பிறந்த, எடை குறைந்த சிசுக்களுக்கு ஆபத்து மேலும் அதிகம். தாய்ப்பாலோ காவல்.

அறுவர் உறங்கும் ஒற்றைக் காம்பராவில் தனிக்கட்டிலுக்கு எங்கே போவது என்பீர்கள். தாயின் அருகே தட்டையான தனிப்படுக்கை போதும். தலையணையும் மெத்தென்ற துணிக்குவியலும் வேண்டா. மது அருந்தியவர் பக்கத்தில் மட்டும் குழந்தையைக் கிடத்தவே கூடாது. துயிலும்போது குல்லாயைக் கழற்றிவிடுக. கை குளிர்ந்திருப்பதைக் கண்டு கம்பளியைக் கூட்டாமல், பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் ஓர் ஆடையைக் குறைக்கவேண்டும்.

வீட்டிலே மல்லாந்து துயின்று பழகிய குழந்தையைப் பிறர் குப்புறக் கிடத்துவது மிகவும் ஆபத்தானது. ஆதலாற் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் இதனைச் சொல்லிவிட்டே மலையேறவேண்டும்.