சர்க்கரையும் குழாய் நீரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நாம் ரயில்வேயில் பேரேடு புரட்டும் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தோமில்லை. எனினும் நம் காலனிச் சகோதரி ஒருவர் கேட்ட கேள்வியே நம்மை இம்மேடையில் ஏற்றியது. "அண்ணா, குழாய்த் தண்ணீரில் போட்ட தேநீரில் சர்க்கரை கலந்தால் விஷம் உண்டாகுமாமே, மெய்யா?" என்றார். அச்சத்தால் அவர் குழாய் நீரை விடுத்து, எவரோ கொணரும் கேன் நீரை வாங்கத் தொடங்கியிருந்தார். ஆகவே நூல்களைப் புரட்டினோம்.

கேம்ப்பில் நாம் பருகுவது கடக்வாஸ்லா ஏரியின் நீர். லஷ்கர் நீர்நிலையத்தில் வடிகட்டி, க்ளோரின் கலந்து அனுப்புகின்றனர். ஏரி நீரில் மக்கிய இலை, மண் முதலியவற்றின் சத்து கரைந்திருக்கும். அதனோடு க்ளோரின் கூடினால் க்ளோரோபார்ம் போன்ற துணைப்பொருள்கள் சிறிதளவு உண்டாகும். 1974-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் ரூக் என்னும் அறிஞர் இதனை வெளிப்படுத்தினார். ஆகவே சகோதரியின் ஐயம் வேரற்றதன்று.

ஆனால் சர்க்கரை குற்றவாளியா? சர்க்கரை க்ளோரினோடு மெதுவாகவே வினைபுரியும். தேயிலை, காப்பித்தூள் இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்களோ க்ளோரினை விரைந்து பற்றிக்கொள்ளும். சிறிதளவு துணைப்பொருள்கள் அங்கும் பிறக்கும். நீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் க்ளோரினில் பெரும்பகுதி முன்னரே வெளியேறிவிடும். க்ளோரோபார்மின் கொதிநிலை 61 பாகையே. அதுவும் ஆவியோடு பெரிதும் அகலும். ஆவியாகாத துணைப்பொருள்கள் சில எஞ்சும் என்பதையும் மறைக்கமாட்டோம். ஆயினும் சர்க்கரைக் கரண்டி தேநீரில் இறங்கும் வேளையில், அதற்கென்று க்ளோரின் மிகுதியாகக் காத்திருப்பதில்லை.

இத்துணைப்பொருள்களுக்கு அளவும் வகுத்துள்ளனர். நம் நாட்டுத் தரவிதிப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் க்ளோரோபார்ம் இருத்தலாகாது. எஞ்சி நிற்கும் க்ளோரினோ அதே 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது! ஒன்றுக்கு மேல்வரம்பு, மற்றொன்றுக்குக் கீழ்வரம்பு. க்ளோரின் நமக்குக் காவலன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காவல் தளர்ந்தால் நேர்வதையும் நம் நகரமே கண்டது. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியிலும் அதனை அடுத்த கிர்கட்வாடி, நாந்தேட் சிற்றூர்களிலும் கில்லன் பாரே என்னும் நோய் பரவிற்று. கைகால் வலுவிழந்து மருத்துவமனை சேர்ந்தோர் பலர், மாண்டோரும் உளர். இருநூறுக்கும் மேற்பட்டோர் நோய்ப் பட்டியலில் ஏறினர். சிலரது மலச் சோதனையில் காம்பிலோபாக்டர் என்னும் கிருமி தென்பட்டது. ஐயம் குடிநீரின்மேல் விழுந்தது. தனியார் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றின் நீர் பருகத் தகாதது என்று கண்டு மாநகராட்சி அவற்றை மூடிற்று. நம் சகோதரி எத்தகைய நீரை நம்பிப் போனார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

துணைப்பொருள்களால் வரும் தீங்கு, கிருமி நீக்காத நீரால் வரும் தீங்கின் முன் மிகமிகச் சிறிது என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

தாய்மார்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. சன்னலைத் திறந்துவைத்து, மூடியின்றி நீரைத் தளதளவெனச் சில நிமிடம் கொதிக்கவிடுங்கள். பின்னரே தேயிலையும் சர்க்கரையும் சேருங்கள். கீசரின் வெந்நீரை நேரே கோப்பையில் பிடித்துத் தூள் கரைக்காதீர்கள். கொதித்த நீரில் க்ளோரின் காவல் இல்லையாதலால், ஆறியபின் தூய பாத்திரத்தில் மூடிவைத்து விரைவில் பயன்படுத்துங்கள்.

இவற்றைச் சொன்னபின் அச்சகோதரி குழாய் நீருக்கே திரும்பினார். சென்ற ஞாயிறன்று அவர் இல்லத்தில் நாமும் தேநீர் அருந்தினோம். சர்க்கரை இரண்டு கரண்டி! அதனைக் குறைக்க வேறு காரணம் உண்டென்று நம் இல்லத்தார் கூறுவர். அது வேறு சொற்பொழிவு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!