முழங்காலுக்கு ஊசி போடலாமா?

(அறவாரிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முதிய அன்பர்களின் முழங்கால் ஊசிக்கென ஒரு தொகை தர விரும்பும் நன்கொடையாளர் ஒருவர், எலும்பு மருத்துவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு, தைப்பூசத்துக்குச் சில நாட்களே இருந்தபோது ஓர் அம்மா வந்தார். பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்தோடு ஏறுவதாக வேண்டுதல். "ஐயா, ஊசி போட்டாவது ஏத்தி விட்டுடுங்க" என்றார். ஸ்டீராய்டு ஊசி போட்டேன். வலி அடங்கியது. ஆனால் அவருக்கு இனிப்பு நீர் உண்டு. இந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்கூடும் என்று சொல்லி அனுப்ப மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அளவு 20-ஐத் தாண்டிவிட்டது; மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். தேறிவிட்டார். அது என் கெட்டிக்காரத்தனம் அன்று.

கடுமையான வலிக்கு எப்போதாவது ஒருமுறை இந்த ஊசி உதவும். பலன் சில வாரங்களே. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்ப்பதில்லை. தொடர்ந்து போட்டால் என்னவாகும்? அமெரிக்காவில் 140 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 12 வாரத்துக்கு ஒருமுறை, ஈராண்டுக் காலம், சிலருக்கு ஸ்டீராய்டு, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

மூட்டுக்கு எண்ணெய் போடுவது போல என்று சொல்லி ஹையலூரோனிக் அமில ஊசியும் போடுகிறார்கள். செலவு அதிகம், பலன் பெரும்பாலும் சொற்பம். அவற்றுள் சில, சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கப்படுபவை. "முருகன் கொடியில் இருப்பது என் முழங்காலுக்குள் வருவதா?" என்று சைவ உணவுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிப்பவையும் உண்டு. மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் போடும் ஊசியோ, ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில் உப்புநீரைவிட மேலானதாகத் தெரியவில்லை.

பின் எதுதான் உதவும்? 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்குப் பயிற்சிச் சிகிச்சை. ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களுக்கே வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரம் குறையும். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்குவதில்கூடத் தொடங்கலாம்.

ஆகவே அந்த அன்பரிடம், "ஊசிக்கு வேண்டாம் ஐயா. வாரம் இரண்டு காலை, பயிற்சி தெரிந்த ஒருவரை நம் மண்டபத்துக்கு வரவழைக்கக் கொடுங்கள். நாற்காலிகள் இங்கேயே இருக்கின்றன" என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். பத்துமலை அம்மாவும் வந்திருக்கிறார். முதல் பெயராகத் தம்மை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.