சின்னக் கேமரா வாங்கலாமா? நம் கட்டடத்திலேயே வைக்கலாம் பரீட்சை

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்க நிகழ்ச்சிகளைப் படமெடுக்க ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கலாமா என்ற கேள்வி செயற்குழு முன் இருக்கிறது. "எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, கேமரா எதற்கு?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. செலவாகப் போவது நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நம் விழாப் படங்கள் ஆளுக்கு நாலாக ஐம்பது போன்களில் சிதறிக் கிடக்கின்றன. குரூப்பில் வருவது வாட்ஸ்அப் சுருக்கிய பிரதி. போன் மாறினால் அசல் போய்விடும். நம் பெரியவர்களில் ஒருவர் மறைந்தால் வீட்டார் முதலில் தேடுவது சட்டம் போட ஒரு நல்ல படம். அப்போது கிடைப்பது, பெரிதாக்கினால் கலங்கிப்போகும் அந்தப் பிரதிதான். ஆகவே கேட்க வேண்டியது "கேமரா நல்லதா?" என்பதல்ல. "நம் ஹாலில், நம் விளக்கில், நம் ஆட்கள் கையில் இது சட்டம் போடத்தக்க படம் தருமா?" என்பதுதான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்கிறேன்: சோனி ஆர்எக்ஸ்100. 2012-இல் வந்த முதல் மாடல். 20 மெகாபிக்சல், சுமார் 240 கிராம், சட்டைப் பையில் அடங்கும். பழைய கேமராச் சந்தையில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

முதலில் மெகாபிக்சல் கணக்கை முடித்துவிடலாம். 8-க்கு 12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 2400-க்கு 3600 புள்ளி வேண்டும். பெருக்கினால் 9 மெகாபிக்சல்கூட இல்லை. அதற்கு மேல் இருப்பது ஓரத்தை வெட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். 12-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுக்க வேண்டியது உள்ளே இருக்கும் சென்சாரின் அளவுக்கு. மழைத் தண்ணீர் பிடிக்க வைக்கும் பாத்திரம் மாதிரி அது. வாய் அகலமாக இருந்தால் அதிகம் விழும். மலிவான சிறு கேமராக்கள் பலவற்றில் சென்சார் ஏறத்தாழ 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர்தான். ஆர்எக்ஸ்100-இல் 13.2-க்கு 8.8. பரப்பில் நான்கு மடங்கு. இதை "ஒரு அங்குல சென்சார்" என்று விற்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. அது பழைய வீடியோக் குழாய் காலத்துப் பெயர்.

இனி பரீட்சை. இதற்கு லேப் வேண்டாம், நம் கட்டடம் போதும். விற்பவரை இங்கே வரச்சொல்லி அரை மணி நேரம் கேளுங்கள்.

ஒன்று, மாலை ஏழு மணிக்கு இந்த ஹால். பட்டுப்புடவை கட்டிய ஒருவரை நிற்க வைத்து, ஐஎஸ்ஓ 800, 1600, 3200, 6400 என்று நான்கு படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் முழு அளவில் திறந்து இரண்டே இடம் பாருங்கள்: ஜரிகைக் கரை, தலைமுடி. ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும். முடி மை அப்பியதுபோல் ஆகக் கூடாது. எந்த எண்ணில் அப்படி ஆகிறதோ, அதற்கு முந்தைய எண்தான் நமக்கு எல்லை. பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர் ஒருவரையும் நிறுத்துங்கள். வேட்டி பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், நம் எல்இடி விளக்குக்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டு, அதே இடத்தில் ஜூம். இந்த மாடலில் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8 வரை திறக்கும். ஜூமை முழுக்க இழுத்தால் எஃப் 4.9 வரைதான். கணக்குப் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். இரவில் படம் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இரவு விழாக்களில் ஜூமைத் தொடாமல் நாலடி முன்னால் போய் எடுங்கள். ஆனால் ஒருவர் முகத்தை மட்டும் அப்படி நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். முகப் படத்தைப் பகலில், பால்கனி வெளிச்சத்தில், சற்றுத் தள்ளி நின்று ஜூமில் எடுங்கள்.

மூன்று, நோட்டீஸ் போர்டு. நேராக நின்று, போர்டு படம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்படி எடுங்கள். நடுவில் எழுத்து தெளிவாக இருக்கும். நான்கு மூலையிலும் படிக்க முடிகிறதா? ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கலாம். வாங்காதீர்கள்.

நான்கு, மொட்டை மாடி, உச்சி வெயில். திரையில் படம் தெரிகிறதா? இந்த மாடலில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. திரையும் சாயாது, சாயும் திரை 2013-இல் வந்த இரண்டாவது மாடலில்தான். அப்படியே துளையை எஃப் 11-க்குச் சுருக்கி வானத்தை ஒரு படம் எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்; சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். வாங்கிய பின் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

படத்தரம் பாதிதான். மீதிப் பாதி, கையில் பழகும் விதம். இந்தப் பரீட்சையைக் கேமரா தெரிந்தவர் எழுதக் கூடாது. ஒரு பாட்டியிடமும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடமும் கொடுங்கள். எதுவும் சொல்லித்தராமல், "ஆன் செய்து, என்னை ஒரு படம் எடுத்து, அதைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் விழா அன்றும் தடுமாறுவோம். திரையைத் தொட்டால் விரல் சரியாகப் பதியாத பெரியவர்களுக்கு, அழுத்தினால் கையில் உணரக்கூடிய பட்டன் பெரிய வசதி. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் படம். இந்த ஒன்றைப் பழகிவிட்டால் ஊஞ்சலில் ஆடும் குழந்தையையும் சரியான நொடியில் பிடிக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு வழவழப்பு, கை வியர்த்தால் நழுவும், மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். முதல் மாடலில் வைஃபை கிடையாது. குரூப்பில் போட கார்டைக் கழற்றி ரீடரில் போட வேண்டும். ஒரு சார்ஜுக்குச் சுமார் 330 படம் என்பது நிறுவனக் கணக்கு. பழைய பேட்டரி அவ்வளவு தாங்காது. ஒன்று கூடுதலாக வேண்டும்.

ஒரு நல்ல குணம்: மேலே எழும்பும் ஃபிளாஷை விரலால் லேசாகப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும். முகத்தில் எண்ணெய் வழியும் பளபளப்பும் இல்லை, பின்சுவரில் கறுப்பு நிழலும் இல்லை.

போன் எங்கே ஜெயிக்கும்? அசையாத இரவுக் காட்சியில், வெயிலும் நிழலும் கலந்த வாசலில், உடனே அனுப்புவதில். பல படங்களை ஒன்றாக்கிச் சரிசெய்யும் மென்பொருள் அதில் இருக்கிறது. தண்ணீர் கசிவு, சுவர் விரிசல் இவற்றை மேனேஜருக்குக் காட்ட போனே போதும். அசையும் மனிதர்கள், ஃபிளாஷ், பகல் ஜூம், பெரிய அச்சு, இவற்றில் ஆர்எக்ஸ்100 போன்ற கேமராவுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

என் பரிந்துரை இதுதான். நான்கு பரீட்சையிலும் தேறி, பாட்டியும் பிள்ளையும் உதவியில்லாமல் எடுத்தால் வாங்கலாம். ஒன்றில் தவறினாலும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லார் போனிலிருந்தும் அசல் படங்களைச் சேகரிப்போம். எதைச் செய்தாலும், வீட்டுக்கு ஒரு பெரியவர் படத்தை 8-க்கு 12 அளவில் இந்த வருடமே அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும். எந்த ஞாயிறு யார் வீட்டுக்குப் போவது என்ற பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். உங்கள் பிளாட் எண்ணை எழுதிவிட்டுப் போங்கள்.