எளிய காமிராவும் ‘ரா’ வீடியோவும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் காமிராவுக்குத் தனி மதிப்பு உண்டு. மும்பையில் நடைபெறும் பேத்தியின் அரங்கேற்றத்தை மதுரையிலுள்ள பாட்டி காண்பதும், தாத்தாவின் சதாபிஷேகத்தைத் தில்லியில் பிறந்த பேரன் பின்னாளில் காண்பதும் அதனால்தான். சேமித்த சிறு பணத்தில் குறைந்த விலைக் காமிரா வாங்கியவர்களின் மனத்தில் ஒரு வினா எழுவதுண்டு: அதில் ‘ரா’ முறையில் வீடியோ எடுப்பதால் பயன் உண்டா?

முதற்கண், ‘ரா’ என்பது யாது? காமிராவினுள் உள்ள ஒளியுணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரு நிறத்தின் ஒளியளவையே குறிக்கிறது. வழக்கமான பதிவில், காமிராவே இவ்வளவுகளைக் கொண்டு நிறங்களைத் தீர்மானித்துப் படத்தைச் சுருக்கி வைத்துவிடும். ‘ரா’ முறையிலோ அளவுகள் அப்படியே சேமிக்கப்படும். முன்னது சமைத்த சோறு, பின்னது அரிசி. அரிசியை வேண்டியவாறு சமைக்கலாம். ஆனால் அடுப்பும் விறகும் நம் பொறுப்பு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 2012ஆம் ஆண்டில் வெளிவந்த கானன் ஈ.ஓ.எஸ். எம் என்னும் சிறிய காமிராவாகும். அதை ஆக்கிய நிறுவனம் அதில் ‘ரா’ வீடியோ வசதியை அளிக்கவில்லை. ‘மேஜிக் லேன்டர்ன்’ என்னும் தன்னார்வலர் குழுவினரின் மென்பொருள்தான் 2013இல் கானன் காமிராக்கள் பலவற்றில் அதனை இயலச் செய்தது.

இதன் நன்மை மெய்யானது. வழக்கமான 8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ‘ரா’ பதிவில் 16,384 படிகள். மஞ்சள் விளக்கொளியில் வெள்ளை வேட்டி பழுப்பாகத் தோன்றினால் பின்னர்ச் செவ்வையாகத் திருத்தலாம். நிழலில் மறைந்த முகத்தையும் ஓரளவு மீட்கலாம்.

இனி, செலவைக் கணக்கிடுவோம். 1280க்கு 720 புள்ளிகள், விநாடிக்கு 24 படங்கள், புள்ளிக்கு 14 பிட் என்றால், விநாடிக்கு 38 மெகாபைட்டுக்கு மேலாகிறது. 32 கிகாபைட் அட்டை 14 நிமிடங்களுக்குள் நிரம்பிவிடும். 1920க்கு 1080 என்றால் விநாடிக்கு 87 மெகாபைட் வேண்டும். அக்காமிராவோ, இயல்பான நிலையில், அட்டையில் விநாடிக்குச் சுமார் 40 மெகாபைட்தான் எழுதவல்லது. ஆகவே சில விநாடிகளிலேயே பதிவு நின்றுவிடும். 10, 12 பிட் பதிவும், இழப்பில்லாத சுருக்கமும் பின்னாளில் வந்து சுமையைக் குறைத்தன; நீக்கிவிடவில்லை.

அன்றியும், ‘ரா’ எல்லாக் குறைகளையும் போக்கும் மருந்தன்று. வேகமாகக் காமிராவைத் திருப்பினால் தூண்கள் சாய்ந்து தோன்றுவது மாறாது. அளவு மீறிய ஒளியில் முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் எதுவும் மீளாது. ஒலியோ, தெளிவாக வேண்டின், தனிக் கருவியில் பதிவு செய்வதே நன்று. எடுத்த படத்தைக் கணினியில் பக்குவப்படுத்த மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். சேமிக்கப் பெரிய வட்டும், அதற்கு ஒரு நகலும் வேண்டும். காமிராவில் மிச்சம் பிடித்த பணம் இவற்றில் கரைந்துபோகும்.

ஆதலால், எங்கே பயன்படுத்துவது என்பதே கேள்வி. தாலி கட்டும் வேளையில் அட்டை நிரம்பிப் பதிவு நின்றால், அவ்வேளை மீண்டும் வாராது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வழக்கமான பதிவே தக்கது. ஒளியை முன்கூட்டியே சீர்செய்து, வெண்மையின் அளவைக் காமிராவில் சரியாக அமைத்துக்கொண்டால், வேட்டி பழுப்பாகும் குறை பெரும்பாலும் எழாது. புதிதாக வாங்குவோர் 10 பிட் பதிவுள்ள காமிராவை நாடலாம். நிறத்துக்கு 1,024 படிகள் கிடைக்கும், சுமையும் அளவோடு நிற்கும்.

ஆயின், குறும்படம் எடுக்க விழையும் இளைஞருக்கு ‘ரா’ நல்லாசானாகும். காட்சி சிறியது, தவறினால் மறுமுறை எடுக்கலாம். ஒளியும் நிறமும் எவ்வாறு படமாகின்றன என்பதை அது கைப்பழக்கமாகக் கற்பிக்கிறது. அத்தகையோருக்கு எளிய காமிராவிலும் ‘ரா’ வீணன்று. குடும்ப நினைவுகளைக் காக்க விரும்புவோருக்கோ, இடையறாது ஓடி முடிந்த எளிய பதிவே மேலான பதிவாகும்.