கப்பலில் ஒரு பொன்விழா



மணவாழ்வின் ஆண்டுகளை எண்ணும் வழக்கம் நம்மிடையே பண்டு இருந்ததில்லை. நம் முன்னோர் எண்ணியது வயதை. கணவனுக்கு 60 வயது நிறைந்தால் மணிவிழா. 80 கடந்து ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம். 60 தமிழ் ஆண்டுகளும் ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வரும்போது, மனைவியின் கழுத்தில் மறுபடியும் தாலி கட்டுவார்கள். இதற்கென்றே தமிழகத்துத் திருக்கடையூருக்குச் செல்வோர் பலர். 25 ஆண்டுக்கு வெள்ளி, 50 ஆண்டுக்குப் பொன் என்று மணநாளை வைத்துக் கணக்கிடுவது ஐரோப்பியரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட வழக்கம். பெற்றுக்கொண்டதில் குறை ஒன்றுமில்லை. இருவர் சேர்ந்து கடந்த காலத்தை இருவரும் சேர்ந்து நினைத்துப் பார்ப்பது நல்லதுதானே?

அத்தகைய பொன்விழா ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது மண்டபத்திலோ கோயிலிலோ நடைபெறவில்லை. நடுக்கடலில், ஓர் உல்லாசக் கப்பலில் நடைபெற்றது. கொண்டாடியவர்கள் செல்வர்களும் அல்லர். அவர்கள் என் அக்காளும் அவள் கணவரும்.

நான் ஹல்துமுல்லையைச் சேர்ந்தவன். கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் பலாங்கொடையையும் பெலிகுல்ஓயாவையும் தாண்டி ஏறினால், பேரகலைக்குக் கீழே மலைச்சரிவில் எங்கள் ஊர் இருக்கிறது. போர்த்துக்கீசர் கட்டிய பழங்கோட்டை ஒன்றின் இடிபாடுகளும் அங்கே உண்டு. மேலே தேயிலை, கீழே ஆழ்ந்த பள்ளத்தாக்கு, தெற்கே கண்ணுக்கெட்டும் வரை சமவெளி. வானம் தெளிந்த காலைகளில் அந்தச் சமவெளிக்கும் அப்பால், வெள்ளி நூல் கிடப்பதைப் போல அம்பாந்தோட்டைக் கடல் தெரியும். எங்கள் லயத்துத் தொங்கலில் நின்று என் தாயார் அதைக் காட்டுவார். மலையில் பிறந்த நாங்கள் கடலை முதலில் கண்டது அவ்வாறுதான்.

கப்பல் என்றால் மலையகத்தாருக்கு உல்லாசம் நினைவுக்கு வருவதில்லை. இன்பத்திற்காகக் கடலில் செல்லலாம் என்னும் எண்ணமே உலகிற்குப் புதிது. ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்துக் கப்பல் நிறுவனத்தை நடத்திய அல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அத்திலாந்திக் கடலைக் கடக்க ஆளின்றித் தம் கப்பல் வீணே கிடப்பதைக் கண்டு, 1891ஆம் ஆண்டு ஜனவரியில் ‘அவுகுஸ்தா விக்டோரியா’ என்ற கப்பலில் செல்வர்களை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிவரச் செய்தார். இன்றைய உல்லாசக் கப்பல்களுக்கெல்லாம் அது முன்னோடி. அந்தச் செல்வர்கள் கடற்காற்று வாங்கிய அதே காலத்தில்தான், எங்கள் பாட்டன்மார் கங்காணிகளின் பின்னே வந்து இந்த மலைகளில் தேயிலையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அது எங்களைக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டிற்குப் பிறகு அதே கடல்வழி எங்களைத் திருப்பிக் கொண்டுபோயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்ணிக்கையைப் பங்கிடுவது எளிது. ஆனால் ஒரே லயத்தில், ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்களுள் ஒரு குடும்பம் இந்தியாவுக்கு மனுப்போட்டது, அடுத்த குடும்பம் இலங்கைக்கு மனுப்போட்டது. இடையில் பெண் கொடுத்தவர்களின் கதி என்ன?

என் அக்காளின் கதை அதுதான். 1973ஆம் ஆண்டு, பிரமாதீச வருடம் ஆனி மாதத்தில், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவளுக்குத் திருமணம் நடந்தது. நாங்கள் இலங்கைக்கு மனுச்செய்தவர்கள்; மச்சான் வீட்டார் இந்தியாவுக்கு. மணமான மூன்றாம் மாதம் அவர்களுக்குப் பயணநாள் குறிக்கப்பட்டுவிட்டது. உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்கள் வாடிய காலம் அது. தகரப்பெட்டி ஒன்றும் பாய் ஒன்றுமாக அவள் புறப்பட்டாள். அப்புத்தளையில் கோச்சி ஏறி, பொல்காவலை, மாகோ, மதவாச்சி வழியே தலைமன்னார் சென்று, அங்கே ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் அடைய வேண்டும். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்துவிட்டதால் கப்பல் அப்போது இராமேசுவரத்திற்கே சென்றது.

அப்புத்தளை நிலையத்திற்குத் தோட்டமே திரண்டு போயிற்று. நான் போகவில்லை. எனக்கு அப்போது 15 வயது. யாருக்கும் தெரியாமல் மேல்மலைத் தேயிலைக்குள் ஒளிந்திருந்தேன். கோச்சி ஊதிய ஓசை மலையைச் சுற்றிவந்து என் காதில் விழுந்தது. அதன்பின்பே வீடு திரும்பினேன்.

அக்காள் மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் நீலகிரியில் கோத்தகிரிக்குச் சென்றாள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழக அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்கள் அப்பகுதியில் உண்டு. இங்கே விட்ட கூடையை அங்கே எடுத்தாள், அவ்வளவே வேறுபாடு. எங்கள் தாயார் 1981இல் காலமானார். தந்தி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 1983இல் கலவரம், 1984இல் கப்பலும் நின்றது. “இனி அங்கே வந்து யாரைப் பார்ப்பது?” என்று அக்காள் எழுதினாள். போர் முடிந்த பின் 2011இல் நான் ஒருமுறை கோத்தகிரிக்குச் சென்றேன். வீடு நிறைய மனிதர், பேச்சு, சிரிப்பு. பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை.

நேயர்களே, 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்கு வரத் தொடங்கியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1990இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. 211 மீற்றர் நீளம், 11 தளங்கள், ஏறத்தாழ 800 அறைகள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களை அது அப்போது தொட்டுச் சென்றது. சென்னையில் ஏறினால் மறுநாள் முழுவதும் கடல்; அதற்கடுத்த நாள் அம்பாந்தோட்டை. தாய்தந்தையரின் பொன்விழாவை அக்கப்பலில் கொண்டாட வேண்டுமென்று அக்காளின் பிள்ளைகள் பணம் சேர்த்துச் சீட்டும் எடுத்துவிட்டார்கள்.

அக்காள் மறுத்துவிட்டாள். “ஒருமுறை ஏறியது போதும்” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னிடம் முறையிட்டார்கள். நான் முதலில் மச்சானுடன் தொலைபேசியில் பேசினேன். மிகக் குறைவாகப் பேசும் மனிதர் அவர்.

“தம்பி, எங்கள் அப்பா போட்ட ஒரு மனுவால் அவள் தன் தாயை இழந்தாள். ஐம்பது வருடமாக அவள் அதை ஒரு நாளும் என் முகத்துக்கு எதிரே சொன்னதில்லை. அவளைக் கடல் வழியே கொண்டுபோனவன் நான், கடல் வழியே ஒருமுறை திருப்பிக் கொண்டுவர ஆசைப்படுகிறேன்” என்றார்.

அதை அக்காளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது அவர் சொல்ல வேண்டிய சொல். நான் அவளிடம், “அக்கா, தொங்கலில் நின்று அம்மா ஒரு கடலைக் காட்டுவாரே, நினைவிருக்கிறதா? கப்பல் வந்து நிற்பது அந்தக் கடலில்தான்” என்று மட்டும் சொன்னேன். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “நீ வருவாயா?” என்று கேட்டாள்.

கப்பலில் நடந்ததைப் பின்னர் அவள் வாயாலேயே கேட்டேன். மணநாளன்று மாலை பிள்ளைகள் கேக் வெட்டச் செய்தார்கள், இசைக்குழு வாசித்தது, அறியாத மனிதர்களெல்லாம் வந்து கைகுலுக்கினார்கள். மேல்தளத்திற்கு அழைத்துச் சென்றபோது கம்பியருகே செல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. மச்சான் வற்புறுத்தவில்லை, அவளோடு தளத்தின் நடுவிலேயே நின்றார். இருட்டிய பிறகு, “தலைமன்னார் எந்தப் பக்கம்?” என்று கேட்டாளாம். கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மேற்கே கைகாட்டி, “இந்த நாட்டுக்கு அந்தப் பக்கம். நாம் வேறு வழியாக வந்திருக்கிறோம்” என்றாராம். அதன்பிறகே, என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவள் அழவில்லை. “மனுவில் உங்கள் கையெழுத்து இல்லையே” என்று மட்டும் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கம்பிவரை நடந்து சென்றாளாம். ஐம்பதாண்டு மணவாழ்வின் விழா அந்தப் பத்தடி நடைதான் என்று நான் கருதுகிறேன்.

மறுநாள் காலை நானும் என் மனைவியும் இருளிலேயே புறப்பட்டோம். பேரகலை, கொஸ்லந்தை, தியலும அருவி, வெல்லவாய, பின்னர் சமவெளி. 2014இல் மண்சரிவு விழுங்கிய மீரியபெத்தையின் திசையைக் கடக்கும்போது வழக்கம்போல் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். துறைமுக வாயிலில் அவர்கள் வந்தார்கள். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். ஹல்துமுல்லைக்கு ஏறி இறங்க அந்தப் பொழுது போதாது. மலைப்பாதையை நம்பவும் முடியாது. பிள்ளைகள் வருந்தினார்கள். அக்காள், “இங்கிருந்து மலை தெரியுமா?” என்று கேட்டாள். வடக்கே நீலக்கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே ஒரு மரநிழலில் அமர்ந்தோம். என் மனைவி கட்டிக்கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் உண்டோம். போத்தலில் கொண்டுவந்த எங்கள் மலைத் தேநீரைப் பருகினோம்.

அப்போது அவள் கேட்டாள்: “தம்பி, அன்று ஏன் ஸ்டேசனுக்கு வரவில்லை?”

“நீ போவதைப் பார்க்காவிட்டால், நீ போகவில்லை என்று இருந்துவிடலாம் என நினைத்தேன்” என்றேன்.

அவள் சிறிது நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ வருவாய், வருவாய் என்று கோச்சி கிளம்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலுக்குக் கீழேதான் நின்றார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை” என்றாள்.

குற்றஞ்சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நெடுநாள் சுமந்த கூடையை நிறுவைக்கு இறக்குகிறவள் போலச் சொன்னாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தட்டில் இன்னொரு ரொட்டியை எடுத்துவைத்தாள்.

மாலையில் அவர்கள் உள்ளே சென்ற பிறகு, ஊருக்குத் திரும்ப நேரமாகிறது என்று மனைவி நினைவூட்டினாள். கப்பல் புறப்பட்டபின் போகலாம் என்றேன். கடற்கரையில் நின்றோம். அவ்வளவு பெரிய கப்பலில் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. ஆயினும் அது தொடுவானத்தில் ஒரு விளக்காகும்வரை நான் அங்கேயே நின்றேன். அதனால் 1973 திரும்பிவிடவில்லை; எனினும் நின்றேன்.

நேயர்களே, மணநாள் விழா எங்கே நடக்கிறது என்பது பெரிதன்று. கப்பலிலும் கொண்டாடலாம், லயத்து வாசலிலும் கொண்டாடலாம். ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு சொல்லைச் சொல்வதற்கு அந்த நாள் இடம் தருமானால், அதுவே விழா. அக்கரையிலும் இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பதுளை மாவட்டத்தில் மட்டும் எத்தனையோ. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கடல்வழி மறுபடியும் திறக்கக்கூடியதுதான் என்பதை அது காட்டிற்று. கப்பலில் செல்ல வசதியில்லாதோர் தொலைபேசியிலேனும் பேசலாம். உங்களுக்கும் எவரிடமேனும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கக்கூடும். அல்லது உங்களிடம் கேட்பதற்கென ஒருவர் ஐம்பதாண்டாய்க் காத்திருக்கக்கூடும். அவர்களுக்கு அடுத்த மணநாள் எப்போது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.