புதுத் தொழிலும் நஷ்டமும்

(திருவண்ணாமலையில் கூடிய நமது சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் எஞ்சினீயர் ஒருவர் செய்த பிரசங்கம்)



எஞ்சினீயர் ஒருவரைப் பேச அழைத்தால் யந்திரங்களைக் குறித்தே பேசுவார் என்று காரியதரிசியவர்கள் எண்ணியிருக்கலாம். யாம் பேசப் புகுவது நஷ்டத்தைக் குறித்து. மங்களகரமான இச்சபையில் அச்சொல்லை எடுத்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள்க.

இக்காலத்தில் 'ஸ்டார்ட்-அப்' என்னும் சொல் யாவர் வாயிலும் வழங்குகின்றது. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய சர்க்கார் 'ஸ்டார்ட்-அப் இந்தியா' என்னும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், சிற்றூர்ப் பிள்ளைகளும் அதனை அறிவர். அதன் பொருள் யாது? பிறர் நன்கு தீர்த்திராத ஒரு குறையைக் கண்டு, அதைத் தீர்க்கும் வழியை ஆராய்ந்து, பலருக்கும் விரைவில் பயன்படுமாறு செய்யும் புதுத் தொழிலே அது. மளிகைக் கடை வைப்பவருக்கு அரிசி விலைபோகும் என்பது தெரியும். இவருக்கோ தம் சரக்கு விலைபோகுமா என்பதே தெரியாது. ஆதலின் நஷ்டம் இத்தொழிலோடு உடன்பிறந்தது.

கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களை (1893-1974) அறியாதார் யார்? இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியிற் பணிசெய்து பொருள் சேர்த்து அதனை வாங்கி, பிரித்துப் பூட்டிக் கற்றார். பின்னர்ப் பருத்தித் தொழிலில் ஈட்டிய பொருளைப் பம்பாயில் இழந்து ஊர் திரும்பினார். அந்நிலையில் ஸ்டேன்ஸ் துரையவர்கள் உதவ, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பம்பாயில் தோற்றவர் என்று அவரை அன்று யாவரும் ஒதுக்கியிருப்பின், அவருடைய பிற்காலத்துத் தொழில்கள் தோன்றியிரா.

நம் காலத்தில், திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் அவர்கள் அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தபோது அவருடைய டெலிவிஷன் பெட்டி உடைந்துபோயிற்று. நஷ்டஈடு பெற அவர் பட்ட அலைச்சலே ஓர் எண்ணத்தை எழுப்பிற்று. வாடிக்கைக்காரர் முறையீடுகளைக் கவனிக்கும் சாப்ட்வேரை ஆக்க, நண்பருடன் சேர்ந்து 2010-இல் சென்னையில் கம்பெனி தொடங்கினார். 'பிரெஷ்ஒர்க்ஸ்' என்னும் பெயரோடு அது 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிற்று.

இனி நம்மூரையே காண்போம். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில், பூ விற்கும் அம்மையாரின் கூடையிலும் இளநீர் வண்டியிலும் கட்டங்கள் நிறைந்த சிறு அட்டை ஒன்று தொங்குகின்றது. 2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. ஏற்பாட்டினால், கைப்பேசியை அதன் முன் காட்டியவுடன் பத்து ரூபாயும் பாங்கிக் கணக்கிற் சேர்கின்றது. 2023 ஆகஸ்டு ஒரு மாதத்தில் மட்டும் நாடெங்கும் இவ்விதம் 1,000 கோடிக்கு மேற்பட்ட வரவுசெலவுகள் நடந்தன. அவ்வம்மையார் விஞ்ஞானத்தின்மேல் ஆசைகொண்டு இதனை ஏற்றவரல்லர். சில்லறைத் தொல்லை தீர்ந்தது, ஏற்றுக்கொண்டார்.

இவ்வுண்மையை யாம் பொருள் கொடுத்துக் கற்றோம். சில ஆண்டுகட்கு முன், நண்பர் இருவருடன் கூடி, வயற்காட்டுப் பம்புசெட்டை வீட்டிலிருந்தே கைப்பேசியால் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்தோம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் குடியானவர் இருளில் பாம்புக்கு அஞ்சி நடக்க வேண்டாம் என்பது எம் எண்ணம். சென்னையில் ஒரு வாடகை அறையில் 14 மாதம் உழைத்தோம். கருவி குறையின்றி வேலை செய்தது. செங்கம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "தம்பி, மோட்டாரை இது போட்டுடும். வாய்க்கா உடைஞ்சா யாரு பாக்கறது? மடை திருப்ப நான் போய்த்தானே ஆகணும்?" என்றார். எமக்கு மறுமொழி இல்லை. முதல் மாதமே அவரிடம் சென்றிருப்பின் எஞ்சிய 13 மாதமும் மிச்சமாகியிருக்கும்.

பிறர் குறையைக் காணக் கண்ணும், கேட்கச் செவியும் வேண்டும். இன்று நம் இல்லங்களில் இரவு உணவுக்கு ஐவர் அமர்ந்தால் ஐந்து கைப்பேசிகளும் உடன் அமர்கின்றன. பாட்டியார் முழங்கால் வலியைச் சொல்லுகின்றார். பேரன் தலை நிமிர்வதில்லை. தன் வீட்டார் சொல்லைக் கேளாதவன் ஊரார் குறையை எங்ஙனம் அறிவான்? அந்த அரைமணி நேரமேனும் கைப்பேசிகளை அலமாரியில் வைத்திடுக.

எம் கம்பெனியை மூடினோம். தாயாரின் நகைகள் அடகில் இருந்தன. எம் பங்காளிகள் இருவரும் வேறு சமூகத்தார். தம் பங்கினும் அதிகமாய்க் கடனைச் சுமந்தனர் என்பதை இச்சபையிற் சொல்லுதல் எம் கடமை. கடனினும் கனத்தது வேறொன்று. "பையன் இப்போது என்ன செய்கிறான்?" என்று உறவினர் கேட்பரே என அஞ்சி, எம் தந்தையார் ஈராண்டு எந்தக் கலியாணப் பந்திக்கும் சென்றாரில்லை. கேட்டிருக்கக் கூடியவர் ஒருவரும் தீயவரல்லர்.

நமது சஞ்சிகையின் மணமகன் தேவை விளம்பரங்களை நோக்குக. 'சொந்தத் தொழில் செய்வோர் வேண்டா' என்று எவரும் எழுதுவதில்லை. 'நிலையான உத்தியோகம்' என்று எழுதுகின்றோம். பொருள் ஒன்றே. உத்தியோகத்தை யாம் இகழவில்லை. எம் கடன் தீர்ந்ததும், நகைகள் மீண்டதும் மாதச் சம்பளத்தினாலேயே. யாவரும் புதுத் தொழிலில் இறங்குக என்பதும் எம் கருத்தன்று.

ஆகவே சங்கத்தாரை மூன்று வேண்டுகின்றோம். முதலாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நடத்தித் தேர்ந்த பெரியோர் அமர்ந்து, ஆண் பெண் இருபாலாரின் தொழில் எண்ணங்களையும் கணக்கையும் ஆராய வேண்டும். இரண்டாவது, சங்க நிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்க வேண்டும். உத்தியோகத்தை விடுமுன் நான்கு ஊர் சுற்றி, வாங்குவோரைக் கண்டு கேட்க உதவும் தொகை போதும். நேர்மையாய்க் கணக்கு ஒப்புவித்தவரின் நஷ்டத்தைச் சங்கமே ஏற்கலாம். தாயின் தாலிக்கொடியை அடகு வைத்து ஒருவரும் தொழில் தொடங்கலாகாது. மூன்றாவது, பரீட்சையில் தேறியோர் பெயரை வெளியிடும் நம் சஞ்சிகை, மூடிய தொழில்களின் வரலாற்றையும், உரியவர் இசைந்தால், வெளியிட வேண்டும். எம்முடையதை முதலில் எழுதித் தருகின்றோம்.

வருகின்ற தை மாதத்தில் பல கலியாணங்கள் நடைபெறும். தொழில் மூடிய இளைஞன் ஒருவன் பந்தியில் ஒதுங்கி நிற்கக் கண்டால், அருகில் அழைத்து அமர்த்துங்கள். அவன் தந்தையார் வரவில்லையெனில், மறுநாள் அவர் வீட்டிற்கு ஒருமுறை சென்று வாருங்கள்.